கூண்டுக்குள் எப்போது விடிகிறது?

கோலாலம்பூரில் சூரியன் தலைக்கு நேரே வருவது பகல் பன்னிரண்டு மணிக்கு என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது உச்சிக்கு வர ஏறக்குறைய ஒன்றே கால் மணி ஆகிவிடும். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி முதல் தேதியில் சபா, சரவாக் நேரத்தோடு சேர்ந்துகொள்ளக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தது. அதற்கு முன்பே நம் கடிகாரம் சூரியனைவிட முக்கால் மணி போல முந்தித்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இருட்டிலேயே பள்ளி வேன் ஏறுவதும், சாயங்காலம் ஏழு மணிக்கும் பளிச்சென்று வெளிச்சம் இருப்பதும் அதனால்தான்.

நாம் இதற்குப் பழகிவிட்டோம். குரங்குகளுக்குச் சூரியன் மட்டும்தான் கணக்கு. அவை எழுவது, இறங்குவது, மேய்வது, சாய்வது எல்லாம் வெயிலைப் பார்த்து நடக்கிறது. ஆனால் மிருகக்காட்சி சாலையிலோ மீட்பு மையத்திலோ மனிதர் பராமரிப்பில் வாழும் குரங்குக்கு இன்னொரு நேரமும் வந்து சேருகிறது: பராமரிப்பாளரின் வேலை நேரம், தீனி நேரம், கதவு பூட்டும் நேரம். உடம்புக்குள் ஒரு நேரம், கூண்டுக்கு வெளியே ஒரு நேரம். இந்த இரண்டும் ஒத்துப்போனால் குரங்கு நிம்மதியாக இருக்கும். ஒத்துப்போகாதபோது என்ன ஆகிறது, அதை நாம் எப்படிக் கண்டுகொள்வது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் உடல் கடிகாரம். 1729ஆம் ஆண்டு பிரான்சில் ஜான்-ஜாக் தெ மெரான் என்ற வானியலாளர் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். நம் ஊர்த் திடல்களில் புல்லோடு புல்லாகப் படர்ந்து காலைக் குத்துகிறதே, அந்தச் செடியின் இனம். வெயிலே படாத போதும் அது பகல் நேரத்தில் இலை விரித்தது, இரவு நேரத்தில் மூடிக்கொண்டது. அப்படியென்றால் நேரம் பார்க்கும் ஏதோ ஒன்று செடிக்கு உள்ளேயே இருக்கிறது. பிற்காலத்தில் பழ ஈக்களில் அந்த உள் கடிகாரத்தை ஓட்டும் மரபணுக்களின் வேலையைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

குரங்குக்கும் நமக்கும் இந்தக் கடிகாரம் ஒரே இடத்தில் இருக்கிறது. கண்ணிலிருந்து வரும் இரண்டு நரம்புகளும் மூளைக்கடியில் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சில பத்தாயிரம் நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னத் திரள். உடல் வெப்பம் எப்போது ஏறவேண்டும், எப்போது தூக்கத்துக்கான மெலடோனின் சுரக்கவேண்டும், எப்போது பசி எடுக்கவேண்டும் என்பதற்கெல்லாம் தாளம் போடுவது இதுதான். ஆனால் இது சரியாக 24 மணி நேரம் ஓடுவதில்லை, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதனால் தினமும் யாராவது அதைத் திருப்பி வைக்கவேண்டும். அந்த வேலையைச் செய்வது வெளிச்சம். கண்ணின் விழித்திரையில் பார்வைக்கென்று இல்லாமல், வெளிச்சத்தின் அளவை மட்டும் அளந்து சொல்லும் அணுக்கள் தனியாக இருக்கின்றன. அவை நீல ஒளிக்கு அதிகம் அசைந்து கொடுக்கும். காலை வானத்தின் வெளிச்சம் பட்டதும் கடிகாரம் சரியாகிவிடுகிறது.

இதில் கூண்டு வாழ்க்கைக்கு முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. வெளியே உச்சிவெயிலில் வெளிச்சத்தின் அளவு ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். நன்றாக விளக்கு போட்ட அலுவலகத்தில் அது 300 முதல் 500 லக்ஸ்தான். நம் கண்ணுக்கு இரண்டும் 'வெளிச்சம்' போலத்தான் தெரியும், கடிகாரத்துக்கு அப்படி இல்லை. பகல் முழுக்க அறைக்குள் வைத்த குரங்கு, அதன் உடம்பைப் பொறுத்தவரை, விடிந்தும் விடியாத ஒரு மங்கலில் வாழ்கிறது. ராத்திரி முழுக்கத் தாழ்வாரத்தில் ஒரு டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தால் பகலும் மங்கல், இரவும் மங்கல். கடிகாரம் எதைப் பிடித்துக்கொண்டு ஓடும்?

நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பது குரங்குகளுக்கு நல்லதுதான். கோலாலம்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் 25 நிமிட வித்தியாசம்கூட வராது. ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ வெப்ப மண்டலக் குரங்கை வளர்ப்பவர்கள் குளிர்காலத்தில் எட்டு மணி நேரப் பகலோடு மல்லுக்கு நிற்கவேண்டும். இங்கே கூரையைத் திறந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

சரி, காட்டில் ஒரு குரங்கின் நாள் எப்படிப் போகிறது? நம் இலக்கணம் நாளை வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று ஆறு சிறுபொழுதுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. குரங்கைக் கவனிக்க இதைவிடத் தோதான பிரிவு எனக்குக் கிடைத்ததில்லை. நம் ஊரில் எங்கும் திரியும் நீள்வால் குரங்கை, மலாயில் கேரா என்பார்களே, அதையே எடுத்துக்கொள்வோம். யாமத்திலும் வைகறையிலும் மரக்கிளையில் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்தபடி தூங்கும். ஒராங்ஊத்தானைப் போல இலைகளை மடக்கிப் படுக்கை கட்டும் பழக்கம் இதற்குக் கிடையாது. பொழுது விடிந்ததும் கொஞ்ச நேரம் சோம்பல் முறித்து, காலையில் மும்முரமாக இரை தேடும். நண்பகல் வெயில் ஏறியதும் நிழலுக்குப் போய்விடும். பெரியவை பேன் பார்க்கும், கண் அயரும். குட்டிகள் மட்டும் விளையாடிக்கொண்டிருக்கும். எற்பாட்டில் வெயில் தாழ, மறுபடி ஒரு சுற்று இரை தேடல். அந்தி சாயும்போது, பெரும்பாலும் ஆற்றோரமாக, தூங்கும் மரத்துக்கு வந்து சேரும்.

ஆக, இரண்டு மேடு, நடுவில் ஒரு பள்ளம். பகலில் விழித்திருக்கும் பெரும்பாலான குரங்குகளின் நாளை வரைபடமாகப் போட்டால் இந்த வடிவம்தான் வரும்.

என்ன சாப்பிடுகிறது என்பதைப் பொறுத்து மேடுகளின் உயரம் மாறும். பினாங்குத் தாவரவியல் பூங்காவுக்குப் போனவர்கள் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் குரங்கைப் பார்த்திருப்பீர்கள். குட்டி ஆரஞ்சு நிறத்தில் தாயின் மடியில் தொங்கிக்கொண்டிருக்கும். இவை இலை தின்னும் குரங்குகள். வயிற்றில் பல அறைகள் இருக்கின்றன, அங்கே நுண்ணுயிரிகள் இலையை நொதிக்கவைத்துத்தான் சத்தை எடுத்துக் கொடுக்கவேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அதனால் லோத்தோங் பாதி நாள் வரைகூடச் சும்மா உட்கார்ந்திருக்கும். அந்தச் சும்மா இருப்பதுதான் அதன் வேலை. கேராவுக்கோ பழம், பூச்சி, நண்டு என்று எது கிடைத்தாலும் சரி, கன்னப்பையில் அடைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓடிவிடும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் வைத்து, ஒன்று சுறுசுறுப்பு, ஒன்று சோம்பேறி என்று சொன்னால் அது நியாயமே இல்லை.

பள்ளி விடுமுறையில் மிருகக்காட்சி சாலையில் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். வீட்டில் பசியாறிக் கிளம்பி, யானை, புலி எல்லாம் பார்த்துவிட்டுக் குரங்குக் கூண்டுக்கு வரும்போது மணி ஒன்றாகிவிடும். "ஏன் தாத்தா இது தூங்கிக்கிட்டே இருக்கு?" என்று பேரன் கேட்பான். "சோம்பேறிக் குரங்குய்யா" என்று தாத்தா சொல்வார். பேரன் கம்பியைத் தட்டுவான். சூரியக் கணக்குப்படி அப்போதுதான் உச்சிப் பொழுது. காட்டில் இருந்தாலும் அந்தக் குரங்கு அந்நேரம் நிழலில்தான் கிடக்கும். அது ஆரோக்கியமான ஓய்வு. கம்பியைத் தட்டி எழுப்பினால் குரங்கின் நாளில் ஒரு துண்டைப் பிடுங்கிக்கொள்கிறோம். ஒருவர் இரண்டு பேர் என்றால் பரவாயில்லை, நாள் முழுக்க வருகிறவர்கள் எல்லோரும் தட்டினால் அந்தப் பள்ளமே இல்லாமல் போய்விடும்.

இப்போது தீனிக்கு வருவோம். பராமரிப்பில் இருக்கும் குரங்கின் நாளை வேறு எதையும்விட அதிகமாக மாற்றிப்போடுவது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

காட்டில் பல மணி நேரம் தேடித் தின்பதைக் கூண்டில் ஒரே தட்டில் வைத்துவிடுகிறோம். பத்து இருபது நிமிடத்தில் சாப்பாடு முடிந்தது. மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது? அந்த வெறுமையில்தான் தீய பழக்கங்கள் முளைக்கின்றன: ஒரே தடத்தில் எட்டு போட்டுச் சுற்றி வருவது, உட்கார்ந்த இடத்தில் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டுவது, முன்கை முடியைப் பிடுங்கிப் பிடுங்கி வெறும் தோல் தெரிய வைப்பது.

அப்புறம் எதிர்பார்ப்பு. தினமும் ஒரே நேரத்தில் தீனி வந்தால், வருவதற்கு முன்பே உடம்பு தயாராகிவிடும். ஒளியால் ஓடும் அந்த முக்கியக் கடிகாரத்தை நீக்கிவிட்ட எலிகள்கூடத் தீனி நேரத்துக்குச் சற்று முன்னால் பரபரப்பாகிவிடுவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். அதாவது சோற்றுக்கென்று தனிக் கடிகாரம் ஒன்று உடம்பில் ஓடுகிறது. ஒரு மீட்பு மையத்தில் கேரா மந்தி ஒன்றைத் தீனி நேரத்துக்கு முன் பார்த்துக்கொண்டிருந்தேன். தள்ளுவண்டி இன்னும் சமையல் கொட்டகையை விட்டே கிளம்பவில்லை. அது கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமே முகம் திருப்பி உட்கார்ந்திருந்தது. கொட்டாவி விட்டது. தோளைச் சொறிந்தது. மறுபடி கொட்டாவி. பக்கத்தில் நின்றவர் பாவம் தூக்கம் வருகிறது என்றார். கேரா சேர்ந்த மக்காக் இனக் குரங்குகளில் அடிக்கடி வரும் கொட்டாவியும் சொறிதலும் பல சமயம் படபடப்பின் அடையாளம். வண்டிச் சக்கரம் கீச்சிட்ட சத்தம் கேட்டதுதான் தாமதம், தோட்டத்தில் பெரட்டு மணி அடித்ததும் லயமே எழுந்து கிளம்பியதைப் போல மொத்தக் கூட்டமும் கம்பிக்கு வந்துவிட்டது.

தீனி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டால் இந்தப் படபடப்பு சீக்கிரம் அடங்கிவிடும். தாமதமானால்தான் தொல்லை. காத்திருக்கும் நேரத்தில் சொறிதலும் சண்டையும் கூடும். அப்படியென்றால் நேரம் தவறாமல் கொடுப்பதுதான் நல்லதா, இல்லை வேண்டுமென்றே நேரத்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதா? இது பராமரிப்பாளர்கள் நீண்டகாலமாகப் பேசிவரும் கேள்வி. இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல வழி இருக்கிறது. நேரம் மாறலாம், ஆனால் தீனி வரும்போது மட்டும் ஒலிக்கும் ஓர் அடையாளம், ஒரு மணிச் சத்தமோ விசிலோ, இருக்கவேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் தீனி நிச்சயம் வரும், கேட்காவிட்டால் வராது என்று குரங்குக்குத் தெரிந்துவிட்டால், மிச்ச நேரமெல்லாம் அது காத்துக் கிடக்கத் தேவையில்லை. நம்பத்தகுந்த அறிகுறி எதுவுமே இல்லாதபோதுதான் ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் எழுந்து வந்து ஏமாறுகிறது.

இன்னொரு வழி, ஒரு வேளைச் சாப்பாட்டைப் பல வேளையாக உடைப்பது. பயற்றங்காயை நறுக்கி வைக்கோலுக்குள் தூவிவிடலாம். சர்க்கரைவள்ளிக் கிழங்குத் துண்டை மூங்கில் கணுவுக்குள் திணித்துத் தொங்கவிடலாம். லோத்தோங் என்றால் இலையோடு கிளையையே வெட்டி வந்து கட்டிவிடலாம். பத்து நிமிடச் சாப்பாடு இரண்டு மணி நேர வேலையாகிவிடும். குரங்குக்கு இது தண்டனை ஆகாதா என்று சிலர் கேட்பதுண்டு. ஆகாது. அமெரிக்காவில் ஹாரி ஹார்லோவும் அவருடைய குழுவினரும் 1950இல் வெளியிட்ட ஆய்வில், ரீசஸ் குரங்குகள் கொக்கி, தாழ்ப்பாள் வைத்த புதிர்களை எந்தத் தின்பண்டமும் கொடுக்காமலே தாமாகக் கழற்றிக் கற்றுக்கொண்டதைக் காட்டினார்கள். கைக்கு வேலை இருப்பதே அவற்றுக்குப் பிடிக்கிறது.

பத்துமலையின் 272 படிகளில் திரியும் குரங்குகள் கூண்டில் இல்லை. ஆனாலும் அவற்றின் நாளும் பாதி நம் கையில்தான். வாழைப்பழமும் தேங்காய்ச் சில்லும் எப்போது மேலே வருகிறதோ, அப்போது அவை பாறையிலிருந்து படிக்கு இறங்குகின்றன. காட்டில் இரை பல மரங்களில் சிதறிக் கிடக்கும். இங்கே ஒரே பையில் குவிந்து வருகிறது. பிடுங்கலும் கடியும் அதனால்தான். ஏழு எட்டு வயதுப் பிள்ளை கையில் கச்சான் பொட்டலத்தோடு படியேறுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதற்றமாக இருக்கும். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

எல்லாக் குரங்கும் பகலில்தான் விழித்திருக்கும் என்றும் இல்லை. தென் அமெரிக்காவின் ஆந்தைக் குரங்குகள் இரவாடிகள். குரங்கு இனத்தில் இவை மட்டும்தான் அப்படி. நிலா வெளிச்சம் இருந்தால் நடமாட்டம் கூடும், அமாவாசை இருட்டில் குறையும். இவற்றை வளர்க்கும் சில மிருகக்காட்சி சாலைகளில் பகல் நேரத்தில் அறையை நிலவொளி அளவுக்கு மங்கலாக்கி, இரவில் பளிச்சென்று விளக்கு போட்டு, பகலையும் இரவையும் மாற்றி வைக்கிறார்கள். பார்க்க வருகிறவர்களுக்கும் விழித்திருக்கும் குரங்கு தெரியும், அதற்கும் ஒழுங்கான ஓர் இரவு கிடைக்கும். மங்கல் என்றால் கும்மிருட்டு ஆகக் கூடாது. முழு இருட்டில் ஆந்தைக் குரங்கும் அசையாமல் உட்கார்ந்துவிடும்.

நம் காடுகளிலேயே ஓர் இரவாடி இருக்கிறது: கொங்காங் எனப்படும் தேவாங்கு. இது குரங்கு இல்லை, குரங்குக்குத் தூரத்து உறவு. கைப்பேசியில் வரும் காணொளிகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். பட்டப்பகலில், அறை முழுக்க வெளிச்சத்தில், யாரோ அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்ட, அது இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இருக்கும். கீழே ஆயிரம் பேர் இதயம் போட்டிருப்பார்கள். தேவாங்கின் முழங்கைக்கு உட்புறம் ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் ஊறுவதை நக்கி எச்சிலோடு கலந்து கடித்தால் அது விஷம். கையைத் தூக்குவது தற்காப்புக்கு. தூங்கவேண்டிய நேரத்தில், இருட்டுக்கென்று அமைந்த அந்தப் பெரிய கண்களில் முழு வெளிச்சம் பாய, பயத்தில் கை தூக்கி நிற்கும் உயிரைத்தான் அழகு என்று பகிர்கிறோம். மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தேவாங்கு முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்கு. வீட்டில் வளர்ப்பது குற்றம். யாராவது வைத்திருப்பது தெரிந்தால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் சொல்லுங்கள்.

ஒரு குரங்குக் கூட்டத்தின் நாள் சரியாகப் போகிறதா என்று நீங்களே பார்க்கலாம். அதற்கு ஓர் எளிய முறை இருக்கிறது. 1974இல் ஜீன் ஆல்ட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர், விலங்குகளைக் கவனிக்கும் முறைகளை ஒழுங்குபடுத்தி ஒரு கட்டுரை எழுதினார். சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் சண்டையும் குதியாட்டமும்தான் கண்ணில் படும், அமைதியாக உட்கார்ந்திருப்பது குறிப்பில் ஏறவே ஏறாது. அதைத் தவிர்க்கக் கைக்கடிகாரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தலை நிமிர்ந்து, அந்த நொடியில் ஒவ்வொரு குரங்கும் என்ன செய்கிறது என்று மட்டும் குறிக்கவேண்டும். தின்கிறது, நடமாடுகிறது, ஓய்கிறது, இன்னொன்றோடு பழகுகிறது, இவற்றில் சேராத வேறு ஏதோ. அவ்வளவுதான் பிரிவு. ஐந்து குரங்குகளை ஒரு மணி நேரத்தில் ஆறு முறை பார்த்தால் 30 குறிப்புகள். அதில் 12 ஓய்வு என்றால், அந்த மணி நேரத்தில் ஓய்வு 40 விழுக்காடு. ஒவ்வொரு சிறுபொழுதுக்கும் இப்படி ஒரு கட்டம் போட்டால் மேடும் பள்ளமும் தானாகத் தெரியவரும். இன்று சில இடங்களில் கழுத்துப்பட்டையில் அசைவுமானி கட்டி இரவும் பகலும் பதிவு செய்கிறார்கள், ஆனாலும் தாளும் பென்சிலும் இன்னும் வழக்கொழிந்து போகவில்லை.

இப்படிக் குறித்துவைப்பதில் பராமரிப்பாளருக்கு இன்னொரு பலன் உண்டு. குரங்கு நோவை வெளியே காட்டாது. பலவீனம் தெரிந்தால் கூட்டத்தில் அதன் இடம் போய்விடும். ஆனால் தினமும் விடிந்ததும் முதல் ஆளாக இறங்கும் கடுவன் ஒரு நாள் எல்லாவற்றுக்கும் பின்னால் இறங்கினால், காலையில் தின்னவேண்டிய நேரத்தில் ஓய்வுக் குறி விழுந்தால், மருத்துவரை அழைக்க அதுவே போதும். வயதான குரங்குகளுக்கு இந்தத் தாளம் தானாகவே தளர்ந்துவிடும். இரவில் அடிக்கடி விழிக்கும், பகலில் தூங்கி வழியும். அதை நோயோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்கவும் பழைய குறிப்புகள் வேண்டும்.

கடைசியாக, நாம் யாரும் பார்க்காத நேரம். ஒரு மிருகக்காட்சி சாலை காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை திறந்திருக்கிறது என்றால் மீதி 16 மணி நேரம் அந்தக் குரங்கு எங்கே இருக்கிறது? உலகில் பல இடங்களில் வேலை நேரம் முடிந்ததும் விலங்குகளைப் பின்னாலுள்ள இரவு அறைக்குள் அடைத்துவிடுவார்கள். நம் ஊரில் ஐந்து மணி என்பது பொழுது சாய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும் நேரம். வெயில் தாழ்ந்து, குரங்கின் உடம்பு இரண்டாவது முறை சுறுசுறுப்பாகும் சமயத்தில் கதவு மூடுகிறது. காலையிலும் அப்படித்தான், ஏழேகாலுக்கெல்லாம் விடிந்துவிட்டாலும் பராமரிப்பாளர் வந்து திறக்கும்வரை காத்திருக்கவேண்டும். யாருடைய கொடுமையும் இதில் இல்லை. வேலைநேரம் அப்படி அமைந்துவிட்டது. அக்கறையுள்ள இடங்களில் வெளிமுற்றத்துக்கும் இரவு அறைக்கும் இடையிலான கதவைத் திறந்தே விடுகிறார்கள். அது முடியாத இடங்களில் மாலைத் தீனியை இலைக்கட்டாகவோ மூங்கிலில் அடைத்தோ உள்ளே வைத்து, அறைக்கு வானம் தெரியும் ஜன்னல் போட்டு, உயரத்தில் ஒட்டி உட்காரப் பலகை அடித்து, விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார்கள்.

அடுத்த முறை போகும்போது, முடிந்தால் வாசல் திறந்ததும் நேரே குரங்குகளிடம் போங்கள், காலை மேட்டின் பிற்பகுதியாவது பார்க்கக் கிடைக்கும். பராமரிப்பாளர் அந்தப் பக்கம் வந்தால், "அண்ணே, அஞ்சு மணிக்கு மேல இதுங்க எங்க இருக்கும்?" என்று கேளுங்கள். நல்ல பராமரிப்பாளருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். அவர் சொல்லும் பதிலிலிருந்து அந்தக் கூண்டைப் பற்றி அறிவிப்புப் பலகையில் எழுதாத நிறைய விஷயம் உங்களுக்குத் தெரிந்துவிடும்.